போர்க்காலத்துச் சட்டமன்றக்காரர் ஒருவரைப் படிப்பது எப்படி: ஜஸ்டின் மோரிலை வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் என்றாலே பேச்சு லிங்கன், தளபதிகள், கெட்டிஸ்பர்க் என்றுதான் போகும். அந்த நான்கு வருடமும் வாஷிங்டனில் ஒரு சபை கூடிக்கொண்டே இருந்தது. கமிட்டி போட்டார்கள், வரி விதித்தார்கள், மசோதாக்களைத் தோற்கடித்தார்கள், தோற்றதை மறுபடி கொண்டுவந்தார்கள். அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி வாசகர் வட்டத்தில் அரைமணி நேரம் பேசவோ, நான்கைந்து பக்கம் எழுதவோ விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கோபி வட்டாரத்தில் இளைஞர்கள் பலர் இப்படிப் பேச முன்வருகிறார்கள். எப்படித் தயாராவது என்று கேட்கிறவர்களுக்கு நான் வாயால் சொல்லி வந்ததுதான் இது.

நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோவை வேளாண் கல்லூரியில் படித்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதனால் எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் வெர்மான்ட் மாநிலத்து ஜஸ்டின் ஸ்மித் மோரில். விவசாயி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் கல்லூரி போக வழிசெய்யும் சட்டத்தை, போர் உச்சத்தில் இருந்தபோது நிறைவேற வைத்தவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருக்கிற ஆளைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கண் மறைக்கும்.

முதலில் ஒரு சட்டத்தைப் பிடியுங்கள்

பிறந்த ஊர், தாய் தந்தை என்று தொடங்காதீர்கள். அவை தேவைதான், ஆனால் ஒரு பத்தி போதும். மோரில் 1810இல் ஸ்ட்ராஃபோர்டு என்ற சிற்றூரில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார். வசதி இல்லாததால் பதினைந்து வயதோடு படிப்பு நின்றது. கடையில் கணக்கு எழுதினார், பிறகு கடையில் பங்குதாரர் ஆனார், கையில் காசு சேர்ந்ததும் வியாபாரத்தை விட்டார். 1854இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1867இல் மேல்சபையான செனட்டுக்குப் போனார். 1898 டிசம்பரில், 88 வயதில், பதவியில் இருந்தபடியே இறந்தார். ஏறக்குறைய 44 வருடச் சட்டமன்ற வாழ்க்கை.

இத்தனை வருடத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்களுக்கு எதுவும் தங்காது. ஒரு சட்டத்தை எடுத்து, அது எங்கே முளைத்தது, எங்கே கருகியது, எப்படித் திரும்பத் துளிர்த்தது என்று பின்தொடருங்கள். மோரிலுக்கு அது 1862ஆம் வருடத்து நிலக்கொடைக் கல்லூரிச் சட்டம். மாநிலங்களுக்கு மத்திய அரசு பொதுநிலம் கொடுக்கும். அதை விற்ற பணத்தை முதலாகப் போட்டு, வட்டியில் கல்லூரி நடத்த வேண்டும். உழவும் இயந்திரத் தொழிலும் அங்கே கட்டாயப் பாடம். போர்க்காலம் என்பதால் ராணுவப் பயிற்சியும் சேர்ந்தது. மற்ற அறிவியல், இலக்கியப் படிப்புகளை விலக்கக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. உழவன் மகன் உழவை மட்டும் படித்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்த ஒரு வரிக்காகவே அந்தச் சட்டத்தை முழுதாகப் படிக்கலாம், சில பக்கம்தான்.

நோட்டை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நீள நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் போர்க்களம், வலப்பக்கம் சபை. தேதி வாரியாக இரண்டையும் எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஒரு போர்க்காலச் சட்டமன்றக்காரரைப் புரிந்துகொள்ள முடியாது.

1861 ஏப்ரல் 12, சம்டர் கோட்டைமேல் தெற்குப் படை குண்டு போட, போர் தொடங்குகிறது. ஜூலை 4, லிங்கன் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டுகிறார். ஜூலை 21, புல் ரன்னில் வடக்குப் படை தோற்று ஓடுகிறது. சபை உறுப்பினர்களிலேயே சிலர் அன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் முதல் தேசிய வருமான வரிச் சட்டம். 1861 டிசம்பரில் மோரில் தன் கல்லூரி மசோதாவைத் திரும்பவும் கொண்டுவருகிறார். 1862 ஏப்ரலில் ஷைலோ போர். மே மாதத்தில் வேளாண்மைத் துறை உருவாகிறது, குடியேறுகிறவர்களுக்கு நிலம் தரும் சட்டம் வருகிறது. ஜூன் 10 செனட்டிலும், ஜூன் 17 பிரதிநிதிகள் சபையிலும் கல்லூரி மசோதா தேறுகிறது. ஜூலை 1, தெற்கின் தலைநகரான ரிச்மண்ட் அருகே மால்வர்ன் குன்றில் பெரும் போர், அதோடு வடக்குப் படை ஆற்றங்கரைக்குப் பின்வாங்குகிறது. அதே நாட்களில் இன்னும் 3,00,000 ஆள் வேண்டும் என்று லிங்கன் கேட்கிறார். ஜூலை 2, கல்லூரிச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்துக் காட்டினால் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். எங்கள் வட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்கள்: “ஏனுங்க, சண்டைக்கே காசில்லாத நேரத்துல காலேஜுக்கு எப்படிங்க காசு கெடச்சது?” அருமையான கேள்வி. பதில் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை, நிலம்தான் போனது. யாருடைய நிலம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தோல்வியைத் தேடுங்கள்

வெற்றி பெற்ற தேதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த மசோதா அதற்கு முன் எங்கெல்லாம் அடி வாங்கியது என்று தேடினால்தான் ஆளுடைய குணம் தெரியும்.

மோரில் இதை முதலில் கொண்டுவந்தது 1857 டிசம்பரில். 1858இல் பிரதிநிதிகள் சபையில் 105க்கு 100 என்று தப்பிப் பிழைத்தது. செனட்டில் 1859 பிப்ரவரியில் 25க்கு 22. குடியரசுத் தலைவர் புக்கனன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நில விற்பனை வருமானம் குறையும், கல்விக்கு நிலம் கொடுக்க மத்திய அரசுக்கு அரசியல் சாசனம் அதிகாரம் தரவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. அதே புக்கனன், பதவி விட்டு இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், 1861 மார்ச் 2 அன்று, மோரில் பெயரிலேயே வழங்கும் இறக்குமதி வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இப்படிப்பட்ட இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே உறுப்பினர், ஒரே தலைவர். ஒன்றுக்கு மறுப்பு, ஒன்றுக்குச் சம்மதம். ஏன் என்று தோண்டுங்கள்.

இரண்டாம் முறையும் பாதை சுலபமில்லை. 1862 மே மாதம் பிரதிநிதிகள் சபையின் பொதுநிலக் குழு இந்த மசோதாவை நிறைவேற்ற வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. குழுத் தலைவர் விஸ்கான்சின்காரர். மேற்கத்திய மாநிலத்தவர்களுக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. கிழக்கே இருக்கும் பணக்காரர்கள், நிலம் எடுக்க உரிமை தரும் நிலச்சீட்டை வாங்கி, எங்கள் பக்கத்து நிலத்தை மொத்தமாக வளைத்துப் போட்டுவிடுவார்கள் என்றார்கள். அந்தச் சமயம் செனட்டில் ஒஹையோவின் பெஞ்சமின் வேடு அதே மசோதாவைத் தன் பெயரில் கொண்டுவந்திருந்தார். அது அங்கே தேறி, இந்தப் பக்கம் வந்து, நிலக் குழுவைச் சுற்றிக்கொண்டு நேரடியாக வாக்கெடுப்புக்குப் போனது. முன் மதகு அடைத்தால் பக்க வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவருகிற வேலை. சபை நடைமுறையைக் கரைத்துக் குடித்தவர்களால்தான் முடியும்.

வாக்கு எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்

1858இல் பிரதிநிதிகள் சபையில் ஓட்டுப் போட்டவர்கள் 205 பேர். 1862இல் 90க்கு 25, ஆக 115 பேர். செனட்டில் 47 பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் 32க்கு 7, ஆக 39 பேர். மீதிப் பேர் எங்கே? தெற்கு மாநிலத்தவர்கள் பிரிந்து போய்விட்டார்கள், அவர்களுடைய நாற்காலிகள் காலி. இருந்தவர்களிலும் பலர் அன்று ஓட்டுப் போடவில்லை. முன்பு இந்த மசோதாவுக்கு எதிரான ஓட்டு பெரும்பகுதி தெற்கிலிருந்து வந்தது. அவர்கள் இல்லாத சபையில்தான் கல்லூரி, ரயில்பாதை, குடியேற்ற நிலம் என்று வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்தவை எல்லாம் அடுத்தடுத்து நிறைவேறின. இதைச் சொல்லாமல் மோரிலின் விடாமுயற்சியை மட்டும் பாராட்டினால் பாதிக் கதைதான். முயற்சி அவருடையது, வழி திறந்தது போர்.

அதே நேரம் 20,000 ஏக்கர் எப்படி 30,000 ஆனது என்பதையும் பாருங்கள். பழைய மசோதாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் உறுப்பினர் ஒருவருக்கு 20,000 ஏக்கர் வீதம் என்று இருந்தது. புதியதில் 30,000. கிளர்ச்சியில் இருக்கும் மாநிலத்துக்கு ஒன்றும் கிடையாது என்றும் எழுதினார்கள்.

எங்கே போய்ப் படிப்பது

அந்தக் காலத்துச் சபைப் பேச்சு, வாக்குப் பட்டியல் எல்லாம் ‘காங்கிரஷனல் குளோப்’ என்ற பதிவில் இருக்கிறது. 1833 முதல் 1873 வரையிலானது. அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மூன்று பத்தியாக, பொடி எழுத்தில் இருக்கும். போனில் பார்த்தால் கண் வலிக்கும், நூலகத்துக் கணினியில் பாருங்கள். நேராக உள்ளே போகாமல், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் இருக்கும் பெயர் அட்டவணையை முதலில் எடுங்கள். உங்கள் ஆளின் பெயருக்கு நேராக என்னென்ன பேசினார், என்ன மசோதா கொண்டுவந்தார் என்று பக்க எண்ணோடு இருக்கும். 1862 சட்டத்துக்கு உங்களுக்கு வேண்டியது 37ஆவது காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) இரண்டாம் கூட்டத்தொடர். சட்டத்தின் வாசகம் ‘ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜ்’ என்ற சட்டத் தொகுப்பின் 12ஆம் தொகுதி, 503ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பட்டியலில் நாலு பழனிசாமி இருப்பதுபோல, அந்தச் சபையில் மோரில்கள் பலர். 1861 முதல் 1863 வரை பிரதிநிதிகள் சபையிலேயே மெய்ன் மாநிலத்து ஆன்சன் மோரில் இருந்தார். அவருடைய தம்பி லாட் மோரில் அப்போது செனட்டில். நம் ஜஸ்டின் 1867இல் செனட்டுக்குப் போனபோது அங்கே லாட் மோரிலும் இருந்தார். அதனால் ‘மிஸ்டர் மோரில்’ என்று மட்டும் கண்டால் எழுதிவிடாதீர்கள். எந்தச் சபை, எந்த மாநிலம் என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.

மேடைப்பேச்சைவிடக் கமிட்டி பெரிது

சபைக்காரரின் உண்மையான வேலை கமிட்டியில்தான் நடக்கும். மோரில் இருந்தது வரி, நிதி பார்க்கும் குழு. போர் முழுக்க அதன் தலைவர் பென்சில்வேனியாவின் தாடியஸ் ஸ்டீவன்ஸ். வரிவிதிப்புக்கான துணைக்குழு மோரில் பொறுப்பில் இருந்தது. 1862 ஜூலை 1 அன்று சட்டமான பெரிய வரிச் சட்டத்தில் அவர் உழைப்பு நிறைய உண்டு. வருடம் 600 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீதம், 10,000 டாலருக்கு மேல் போனால் 5 சதவீதம். வரி வசூலிக்கத் தனி ஆணையர் பதவியும் அதில்தான் வந்தது.

அவர் தோற்ற இடமும் இந்தக் குழுவிலேயே இருக்கிறது. 1862 தொடக்கத்தில், தங்கத்துக்கு மாற்றித் தராத காகிதப் பணத்தை அச்சிட்டு, அதை எல்லோரும் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட முனைந்தார்கள். ஸ்டீவன்ஸ் ஆதரித்தார். மோரில் எழுந்து எதிர்த்தார், வரி போட்டும் கடன் வாங்கியும் போரை நடத்துவோம் என்பது அவர் வாதம். ஒரே கட்சி, ஒரே குழு, எதிரெதிர் நிலை. சபை 93க்கு 59 என்று காகிதப் பணத்தின் பக்கம் போனது. யார் சரி என்று இப்போதும் வாதிடலாம். கையில் காசில்லாத கஜானாவுக்கு அந்த நோட்டு உயிர் கொடுத்தது, விலைவாசியும் ஏறியது. கடைக்கணக்கு எழுதி வளர்ந்தவருக்கு ரொக்கமில்லாத பணம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை என்பது என் எண்ணம்.

1864இல் பணக்காரர்களுக்குக் கூடுதல் சதவீதம் வைப்பதை அவர் எதிர்த்தார். இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. போருக்கு ஏழை உயிரைக் கொடுக்கும்போது இருக்கிறவன் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுப்பதில் என்ன அநியாயம்? உங்கள் ஆளோடு உடன்படாத இடத்தை இப்படி வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். அப்புறம் 1865 ஜனவரி 31, அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் 119க்கு 56 என்று சபையில் தேறியது. ஆதரித்தவர்களில் மோரிலும் ஒருவர்.

நிலம் யாருடையது என்று கேளுங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும். ஏக்கர் கணக்கை நம் ஊர்க் கணக்காக மாற்றிச் சொல்லுங்கள். வெர்மான்ட்டுக்கு 3 பிரதிநிதிகள், 2 செனட்டர்கள், ஆக 1,50,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 பேர், ஆக 9,90,000 ஏக்கர். நம் கீழ்பவானிப் பாசனம் மொத்தமும் 2,07,000 ஏக்கர்தான். வாய்க்காலின் தலையிலிருந்து கடைமடை வரை போய்ப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும். அதுபோல ஏறக்குறைய ஐந்து மடங்கு நிலம் ஒரே ஒரு மாநிலத்தின் கல்லூரிக்கு.

ஆனால் நியூயார்க்குக்குள் அப்படிப் பொதுநிலம் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட மாநிலங்களுக்கு நிலச்சீட்டு கொடுத்தார்கள். சீட்டை மாநிலம் விற்கும், வாங்கியவர் மேற்கே போய் நிலத்தைத் தேர்ந்தெடுப்பார். ஏக்கர் 1.25 டாலர் மதிப்பில் கணக்கிட்ட சீட்டுகளைப் பல மாநிலங்கள் அவசரத்தில் ஒரு டாலருக்கும் குறைவாகத் தள்ளிவிட்டன. நியூயார்க்கில் எஸ்ரா கார்னெல் என்பவர் பொறுமையாக இருந்து, சீட்டுகளைக் கொண்டு விஸ்கான்சினில் பைன் காடுகளைப் பிடித்து, விலை ஏறிய பிறகு விற்க வழிசெய்தார். கார்னெல் பல்கலைக்கழகம் இன்றைக்கும் அந்தப் பணத்தில் ஊன்றி நிற்கிறது.

அந்த மேற்கு நிலம் வெறும் நிலமா? பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். ஒப்பந்தம் என்ற பெயரிலும், மிரட்டியும், சில இடங்களில் ஒப்பந்தமே இல்லாமலும் எடுக்கப்பட்டது. ஏறக்குறைய 250 பழங்குடி இனங்களின் நிலம் இந்தச் சட்டத்தின் வழியாகக் கல்லூரிகளுக்குப் போனதாகச் சமீப கால ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் நோட்டின் இடப்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்: 1862 ஆகஸ்ட், மினசோட்டாவில் டகோட்டா மக்களின் போர். டிசம்பர் 26, மான்காட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். சட்டத்தில் கையெழுத்தான அதே வருடம். கல்லூரியால் உயர்ந்தவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நான், நிலம் இழந்தவர்களைப் பற்றியும் அதே மேடையில் பேசக் கடமைப்பட்டவன்.

போருக்குப் பின்னும் போங்கள்

போர் முடிந்த வருடத்தோடு நிறுத்தாதீர்கள். மோரிலின் இரண்டாவது கல்லூரிச் சட்டம் 1890இல் வந்தது, அவருக்கு அப்போது 80 வயது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடம் 15,000 டாலரில் தொடங்கி 25,000 வரை. சேர்க்கையில் நிறம் பார்க்கக் கூடாது, பார்த்தால் கறுப்பின மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்றது சட்டம். தெற்கு மாநிலங்கள் பிரித்து வைப்பதையே தேர்ந்தெடுத்தன, நியாயமான பங்கு என்பது காகிதத்தோடு நின்றது. ஆனாலும் கறுப்பின மக்களுக்கான பல கல்லூரிகள் அந்த வரியைப் பிடித்து வளர்ந்தன. அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1894இல் அயோவாவின் நிலக்கொடைக் கல்லூரியில் வேளாண்மைப் பட்டம் பெற்றார். நிலக்கடலையும் தட்டைப்பயறும் போட்டு, பருத்தியால் களைத்த மண்ணைத் தேற்றச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

நம் ஊரோடு முடிச்சுப் போடுங்கள், ஆனால் இழுத்துக் கட்டாதீர்கள்

உண்மையான தொடர்பு இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கொங்கு நாட்டுக்கு இருக்கிறது. 1842 முதல் 1853 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட், கோவையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் சோதனைப் பண்ணைகளை நடத்தினார். போரில் தெற்குத் துறைமுகங்களை லிங்கன் அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு போகவில்லை, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. அந்த வருடங்களிலேயே, 1862இல், மதராஸ் ரயில்பாதை ஈரோடு வழியாகப் போத்தனூரை எட்டியது.

கல்லூரிப் பக்கமும் ஒரு நேர்க்கோடு உண்டு. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்வி 1906இல் கோவைக்கு வந்தது. 1960இல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம், அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் அமைப்பைப் பார்த்து, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு உருவானது. பாடம், ஆராய்ச்சி, விவசாயியிடம் கொண்டுசேர்த்தல் மூன்றும் ஒரே கூரையின்கீழ் என்பது அந்த அமைப்பு. 1971இல் கோவைக் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனதும் அந்த வழியில்தான். நான் வேலைக் காலம் முழுக்கக் காடு காடாகப் போய் விதைநேர்த்தி சொல்லிக் கொடுத்தது மூன்றாவது பங்கு.

பேசும்போது

நில விஷயத்துக்குப் பாதி நேரம் ஒதுக்குங்கள். இறக்குமதி வரியை ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். கறுப்புப் பலகையில் 105–100, 90–25 என்ற இரண்டு எண்களையும் எழுதிவிட்டு, என்ன நடந்திருக்கும் என்று கூட்டத்தைக் கேளுங்கள். ஊகிக்க விடுங்கள், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். இந்த யோசனையை முதலில் சொன்னது இல்லினாய்ஸின் ஜொனாதன் டர்னர்தானே என்று விஷயம் தெரிந்தவர் யாராவது கேட்பார். டர்னர் அதற்கு முன்பே உழைக்கும் மக்களுக்கான கல்லூரி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர்தான், அதை ஒத்துக்கொள்ளுங்கள். யோசனை பலருடையது, அதைச் சட்டமாக்கிய உழைப்பு மோரிலுடையது என்று பிரித்துச் சொன்னால் போதும்.

அடுத்து யாரை எடுக்கலாம் என்று கேட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவரை எடுங்கள் என்பேன். ஒஹையோவின் கிளெமென்ட் வாலண்டிகாம் போரையே எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர். 1863 மே மாதம் ராணுவம் அவரைக் கைது செய்தது, லிங்கன் அவரைத் தெற்கின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். அவருக்கும் இதே இரண்டு பக்க நோட்டுதான். உள்ளூர் ஆள் வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் இருக்கிறார். 1964 முதல் 1967 வரை அவர் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர். இடப்பக்கம் மழை பொய்த்த வருடங்களையும் 1965 போரையும் எழுதுங்கள், வலப்பக்கம் நாடாளுமன்றத்தை. மக்களவை விவாதங்கள் இணையத்தில் இருக்கின்றன. கோதுமை விதை இறக்குமதியிலிருந்து தொடங்குங்கள்.